ஒரே கட்டை, இரண்டு பெயர்: ஜாஸில் கீ மாறுவது பற்றி ஒரு திருத்தக் குறிப்பு

இது ஒரு திருத்தம். சில வருடங்களுக்கு முன்னால் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். கார்ட்களை எல்லாம் வரிசையாக எழுதி, கீ மாறும் இடங்களுக்கு ஒவ்வொரு நிறம் அடித்து, ஒரு படமாகவும் போட்டிருந்தேன். முடிவாகச் சொன்னது இதுதான்: "இது கணக்கு. காது பிடித்துக்கொள்ள இதில் எதுவும் இல்லை."

அந்தப் படத்தைப் போன மாதம் வேறொரு வேலைக்காகத் திறந்தபோது, ஒரு விஷயம் முகத்தில் அடித்த மாதிரி தெரிந்தது. படத்தில் கார்ட் இருக்கிறது, நிறம் இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது. டியூன் இல்லை. டியூனை எடுத்து வெளியே வைத்துவிட்டு, காதுக்கு எதுவும் இல்லையே என்று நானே புலம்பியிருக்கிறேன்.

எங்கே தப்பு செய்தேன் என்று சொல்ல, முதலில் இருபது வருடம் பின்னால் போகவேண்டும், 1939-க்கு. அந்த வருட நவம்பரில் ஜெரோம் கெர்ன் இசையமைத்த 'வெரி வார்ம் ஃபார் மே' என்ற நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. 59 காட்சிகளோடு படுத்துவிட்டது. பிராட்வேக்கு கெர்ன் எழுதிய கடைசி நாடகம் அது. நாடகம் போனாலும் அதிலிருந்த ஒரு பாட்டு மட்டும் தங்கிவிட்டது: 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்'. வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். இன்றைக்கும் ஜாஸ் கற்றுக்கொள்ளும் எவரும் இந்தப் பாட்டைத் தொடாமல் போக முடியாது.

ஜாஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நம்ம மெல்லிசைக் குழுக்களில் 'ஸ்கேல்' என்பார்களே, கச்சேரியில் 'சுருதி' என்போமே, கிட்டத்தட்ட அதுதான் கீ. எந்த சுரம் ஸட்ஜமாக, வீடாக ஒலிக்கிறது என்ற விஷயம். நமக்குத் தம்பூரா ஆரம்பித்தால் கச்சேரி முடிகிறவரை அந்த வீடு அசையாது. ஜாஸில் வீடு ஒரு பாட்டுக்குள்ளேயே நான்கு தடவை இடம் மாறும். புது வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கமான பாதைக்கு 'டூ ஃபைவ் ஒன்' என்று பெயர். கீயின் இரண்டாம் சுரத்தின் மேல் ஒரு கார்ட், ஐந்தாம் சுரத்தின் மேல் ஒரு கார்ட், பிறகு வீடு. சி என்ற கீக்குப் போகவேண்டும் என்றால் டி மைனர், ஜி செவன், சி. இதில் ஜி செவன் கார்டுக்குள் பி, எஃப் என்று இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உரசிக்கொண்டே இருக்கும். பி ஒரு அரைச் சுரம் ஏறி சி ஆகவேண்டும் என்று துடிக்கும், எஃப் ஒரு அரைச் சுரம் இறங்கி ஈ ஆகவேண்டும் என்று துடிக்கும். இரண்டும் நடந்தால் வீடு வந்துவிட்டது. கார்ட்களின் பெயர் எதுவும் தெரியாத காதுக்கும் இந்தத் துடிப்பு புரியும்.

இப்போது கெர்ன். 36 பார் பாட்டு. ஏ ஃப்ளாட் கீயில் இருக்கிறது, ஆனால் ஏ ஃப்ளாட்டில் ஆரம்பிப்பதில்லை. எஃப் மைனரில் ஆரம்பித்து, பி ஃப்ளாட் மைனர், ஈ ஃப்ளாட் செவன், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று வட்டத்தில் ஒவ்வொரு படியாக நகர்கிறது. அடுத்து ஜி ஃப்ளாட் வரவேண்டும். வருவதோ ஜி செவன். அங்கேதான் பாட்டு ஏ ஃப்ளாட்டை விட்டுவிட்டு சி மேஜரில் போய் உட்காருகிறது. எட்டு பார் முடிவதற்குள் வீடு மாறிவிட்டது, ஆனால் கேட்கிறவருக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. டி ஃப்ளாட் மேஜர், ஜி செவன் இரண்டு கார்டிலும் எஃப் என்ற சுரம் இருக்கிறது. ஒன்றில் மூன்றாம் சுரம், இன்னொன்றில் ஏழாம் சுரம். அதைப் பிடித்துக்கொண்டு காது கடந்துவிடுகிறது.

இந்த டியூனைப் பற்றி ஜாஸ் வகுப்புகளில் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. கெர்ன் பெரும்பாலும் ஒவ்வொரு கார்டின் மூன்றாம் சுரத்தின் மேல்தான் நிற்கிறார். ஒரு கார்ட் மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது அந்த மூன்றாம் சுரம். அதாவது டியூனே போகிற வழியில் எல்லாம் "நான் இப்போ இங்கே இருக்கேன்" என்று விலாசம் சொல்லிக்கொண்டே போகிறது. துணைக்கு வாத்தியமே இல்லாமல் தனியாகப் பாடினாலும் கார்ட் எல்லாம் காதுக்குள் கேட்கும். செய்து பாருங்க.

அடுத்த எட்டு பார் அதே உருவம், கொஞ்சம் கீழே. சி மேஜர் என்று நிம்மதியாக உட்கார்ந்த இடம் அப்படியே சி மைனராக மாறுகிறது. டியூனில் ஈ என்ற சுரம் ஒரு அரைச் சுரம் வழுக்கி ஈ ஃப்ளாட் ஆகிறது, அவ்வளவுதான். விளக்கை ஒரு பிடி குறைத்த மாதிரி. அங்கிருந்து ஈ ஃப்ளாட், அங்கிருந்து ஜி. நடுப்பகுதியான பிரிட்ஜில் முதல் நான்கு பார் ஜி, அடுத்த நான்கு பார் ஈ மேஜர்.

ஈ மேஜர் என்பது ஏ ஃப்ளாட்டிலிருந்து ரொம்ப தூரம். ஒன்றில் நான்கு ஷார்ப், இன்னொன்றில் நான்கு ஃப்ளாட். இங்கிருந்து இரண்டு பாருக்குள் வீடு திரும்பவேண்டும். கெர்ன் என்ன செய்கிறார் என்றால், டியூனை ஒன்றுமே செய்யவிடுவதில்லை. பிரிட்ஜ் ஜி ஷார்ப் என்ற சுரத்தில் வந்து நிற்கிறது. ஈ மேஜருக்கு அது மூன்றாம் சுரம். அந்த சுரம் அங்கேயே நிற்கும்போது கீழே கார்ட் சி செவன் ஷார்ப் ஃபைவ் என்று மாறுகிறது. சுரம் இன்னும் நகரவில்லை. கார்ட் எஃப் மைனர் ஆகிறது. எஃப் மைனருக்கும் அதே சுரம் மூன்றாம் சுரம்தான், ஆனால் இப்போது அதன் பெயர் ஏ ஃப்ளாட். பியானோவில் ரெண்டும் ஒரே கறுப்புக் கட்டை. நம்ம ஹார்மோனியக் கணக்கில் ஐந்தரைக் கட்டை. பாட்டின் முதல் சுரமும் அதுதான். பாடுகிறவர் நின்ற இடத்தில் நிற்க, வீடு அவர் காலடிக்கு வந்து சேர்கிறது.

கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது பாதி பழகியது போலத் தோன்றும். மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்துக் கேட்டால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். அங்கே சுரங்கள் எல்லாம் அப்படியே இருக்க, ஸட்ஜம் என்ற பெயர் மட்டும் இடம் மாறுகிறது. கெர்ன் செய்வதில் ஒரே ஒரு சுரம் மட்டும் அப்படியே இருக்கிறது, மற்றதெல்லாம் மாறுகிறது. பழகாத மீதிப் பாதி அதுதான். ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க விருப்பமில்லை, இழுத்தால் கிழியும்.

அந்த நடுக் கார்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. சி செவன் ஷார்ப் ஃபைவ் என்பதில் சி, ஈ, ஜி ஷார்ப் மூன்றும் இருக்கின்றன. பாட்டு வீடு கட்டிய ஐந்து கீயில் மூன்று எவை? ஏ ஃப்ளாட், சி, ஈ. அதாவது பாட்டு போய் வந்த மூன்று ஊர்களின் பெயரும் ஒரே கார்டுக்குள். கெர்ன் இதைத் திட்டமிட்டாரா, கை போன போக்கில் வந்ததா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. இந்த மூன்று சுரங்களும் ஒன்றுக்கொன்று சரிசமமான தூரத்தில் இருக்கின்றன, ஸ்தாயியை மூன்று சம பங்காக வெட்டியது மாதிரி. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கோல்ட்ரேனிடம் வரும்போது தேவைப்படும்.

ஜாஸ்காரர்கள் இந்தப் பாட்டின் மேல் விழுந்தது இயல்பு. 1945 பிப்ரவரியில் டிஸ்ஸி கிலெஸ்பி, சார்லி பார்க்கரோடு இதை ரெக்கார்டு செய்தபோது முன்னால் ஒரு சின்ன அறிமுகத்தைச் சேர்த்தார். பக்கத்துப் பக்கத்து கார்ட் இரண்டுக்கு நடுவே ஊஞ்சலாடும் ஒரு துண்டு. இன்றைக்கு எந்த கிளப்பில் இந்தப் பாட்டை எடுத்தாலும் அந்தத் துண்டு தானாக வந்துவிடும். 1947-ல் பார்க்கர் இன்னும் ஒரு படி போனார். அதே கார்ட்களின் மேல், கெர்னின் டியூனை வாசிக்காமலே நேராகத் தன் சோலோவைத் தொடங்கி, 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' என்று வேறு பெயர் வைத்தார். கார்ட் வரிசைக்கு உரிமை கோர முடியாது, டியூனுக்குத்தான் முடியும். ஆகவே அந்தக் காலத்து பீபாப் ஆட்களுக்கு இது சௌகரியமான வழியும்கூட.

பார்க்கர் வாசித்தது அற்புதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் டியூன் ஒரு பக்கம், கார்ட் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது என்று நினைக்கிறேன். பார்க்கருக்கு டியூன் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வெளியே வாசிக்க வேண்டியிருக்கவில்லை. என்னை மாதிரி பின்னால் வந்தவர்களிடம் வெறும் கார்ட் தாள் மட்டும் மிஞ்சியது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு பகுப்பாய்வு என்று செய்வதெல்லாம் எண்ணுவதுதான். இத்தனை கீ, இத்தனை டூ ஃபைவ் ஒன். எண்ணிக்கை கூடினால் மேதை, குறைந்தால் எளிமை. இன்னும் சிலருக்கு நேர் எதிராக, கூடினால் கணக்கு, குறைந்தால் ஆத்மா. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன். இரண்டு கட்சியும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன.

என் கட்சிக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்'. 1959 மார்ச் 2-ல் பதிவானது. 32 பாருக்கு இரண்டே இடம்: பதினாறு பார் டி டோரியன், எட்டு பார் ஈ ஃப்ளாட் டோரியன், மறுபடி எட்டு பார் டி. டியூனை அப்படியே தூக்கி அரைச் சுரம் மேலே வைத்துவிட்டு, பிறகு எடுத்துப் பழைய இடத்தில் வைப்பது. பாலமும் கிடையாது, துடிப்பும் கிடையாது. இதில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் கோல்ட்ரேன், பாஸ் வாசித்தவர் பால் சேம்பர்ஸ். அந்த ஆல்பத்தின் இரண்டாவது பதிவு ஏப்ரல் 22-ல். அதிலிருந்து பதிமூன்று நாள் கழித்து, மே 5-ஆம் தேதி, அதே கோல்ட்ரேனும் அதே சேம்பர்ஸும் இன்னொரு ஸ்டூடியோவில் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' வாசித்தார்கள்.

அதன் எலும்புக்கூடு இது. 16 பார், 26 கார்ட், மூன்று கீ: பி, ஜி, ஈ ஃப்ளாட். ஸ்தாயியை மூன்று சம பங்காக வெட்டிய அதே வெட்டு, வேறு இடத்தில். ஐடியா ஆகாயத்திலிருந்து விழவில்லை. ரிச்சர்ட் ராஜர்ஸின் 1937 பாட்டு 'ஹேவ் யூ மெட் மிஸ் ஜோன்ஸ்' பிரிட்ஜில் பி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், டி என்று இதே மாதிரி போகும். ஆனால் அது ஒரு எட்டு பாருக்கு வந்து போகும் உல்லாசப் பயணம். கோல்ட்ரேனிடம் குடியிருப்பதே அங்கேதான். வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 290 பீட். கணக்குப் போட்டால் ஒரு முழுச் சுற்று 13 நொடி சொச்சம். முதல் மூன்று கீயும் இரண்டு நொடிக்குள் வந்து போய்விடுகின்றன. கெர்ன் 36 பாரில் ஆற அமரச் செய்ததை இவர் மூச்சு விடுவதற்குள் செய்கிறார்.

இவ்வளவும் என் பழைய படத்தில் இருந்தது. இனி அதில் இல்லாதது.

டியூனின் முதல் நான்கு சுரங்கள்: எஃப் ஷார்ப், டி, பி, ஜி. ஒவ்வொன்றும் நீளமானது, அவசரமே இல்லாதது. கீழே பி மேஜர், டி செவன், ஜி மேஜர், பி ஃப்ளாட் செவன் என்று தரை சுழன்றுகொண்டிருக்கிறது. ஆனால் அந்த நான்கு சுரங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாடினால் என்ன வருகிறது? சாதாரண ஜி மேஜர் செவன் கார்ட், மேலிருந்து கீழாக. ஜாஸில் இதைவிடப் பழகிய சத்தம் கிடையாது. அடுத்த தடவை டி, பி ஃப்ளாட், ஜி, ஈ ஃப்ளாட். சாதாரண ஈ ஃப்ளாட் மேஜர் செவன். மூன்று கீ ஓடும்போது டியூன் ஒரே கார்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. காதுக்கு ஒன்றுமில்லை என்றேனே, இதோ கைப்பிடி.

அதோடு விடவில்லை. முதல் வரிசையின் கடைசி சுரம் ஜி. அது ஒலிக்கும்போது கார்ட் பி ஃப்ளாட் செவன், போகப்போவது ஈ ஃப்ளாட். ஈ ஃப்ளாட்டுக்கு மூன்றாம் சுரம் ஜி. வரப்போகும் வீட்டின் சாவியை ஒரு கார்ட் முன்னாடியே கையில் கொடுத்துவிடுகிறார். இரண்டாவது வரிசையின் கடைசி சுரம் ஈ ஃப்ளாட். கீழே எஃப் ஷார்ப் செவன், போகப்போவது பி மேஜர். பி மேஜரின் மூன்றாம் சுரம் டி ஷார்ப். ஈ ஃப்ளாட்டும் டி ஷார்ப்பும் ஒரே கறுப்புக் கட்டை. இந்தத் தடவை இரண்டரைக் கட்டை.

இதைக் கண்டுபிடித்த ராத்திரி கீபோர்டு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கெர்னின் பிரிட்ஜில் எதைக் கேட்டு உருகினேனோ அதே வேலையை இங்கே 'கணக்கு' என்று தள்ளியிருக்கிறேன். வேகம் மட்டும்தான் வித்தியாசம். வேகத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டது என் சோம்பல்.

எட்டாவது பாரிலிருந்து பாட்டு வேறு முகம் காட்டுகிறது. முதல் பாதியில் கீக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. இப்போது ஈ ஃப்ளாட், ஜி, பி, மறுபடி ஈ ஃப்ளாட் என்று ஏறுகின்றன, ஒவ்வொன்றுக்கும் முறையான டூ ஃபைவ் ஒன் வைத்து, முதல் பாதியைவிட நிதானமாக. டியூனும் கூடவே படி ஏறுகிறது. என் படத்தில் இரண்டு பாதிக்கும் ஒரே மூன்று நிறம்தான், ஏறுவதும் இறங்குவதும் ஒரே மாதிரி தெரிந்தது.

ஆனாலும் பழைய குறிப்பை முழுசாக வாபஸ் வாங்க மனசு வரவில்லை. டியூன் முடிந்து சோலோ தொடங்கியதும் அந்தக் கைப்பிடி காணாமல் போகிறது. கோல்ட்ரேன் நிறைய இடங்களில் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் 1, 2, 3, 5-ஆம் சுரங்களை அடுக்குகிறார். பி-யில் நான்கு சுரம், டி செவனில் நான்கு சுரம், ஜி-யில் நான்கு சுரம். ஒவ்வொன்றும் அந்தந்த கார்டுக்கு விசுவாசம், மூன்றையும் தாண்டி நிற்கும் சுரம் அபூர்வம். அந்தச் சத்தத்தின் பலமும் முனைப்பும் வேறு எங்கேயும் கிடைக்காது, மறுக்கவில்லை. ஆனால் டியூனில் கீ மாறுவதை நான் உணர்கிறேன். சோலோவில் மாறிவிட்டது என்று தகவல் மட்டும் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

டாமி ஃபிளானகனின் பியானோ சோலோ பற்றியும் பழைய குறிப்பில் நக்கலாக ஒரு வரி எழுதியிருந்தேன். அதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துவிடுகிறேன். கோல்ட்ரேன் ஓடிய அதே பாதையில் அவர் ஓட ஆரம்பிக்கிறார். வரிகள் துண்டு துண்டாகின்றன, இடைவெளி கூடுகிறது, கடைசியில் கார்ட்களை மட்டும் அழுத்திக்கொண்டு முடிக்கிறார். ஜாஸ் உலகத்தின் பிரசித்தமான தடுமாற்றம் என்று இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். இப்போது கேட்டால் வேறு ஒன்று தெரிகிறது. கார்டுக்கு நான்கு சுரம் என்று அடுக்க அவர் கை பழகியிருக்கவில்லை. அவர் டியூன் தேடுகிற ஆள். இரண்டு நொடிக்கு மூன்று கீ ஓடும் இடத்தில் டியூன் தேடினால் இப்படித்தான் மௌனம் விழும். அந்த மௌனங்களில் அடியில் ஓடும் கார்ட்கள் எனக்கு முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டன என்பதும் உண்மை.

1982-ல் ஃபிளானகன் கோல்ட்ரேன் நினைவாக ஒரு ட்ரையோ ஆல்பம் செய்தார். பாஸ் ஜார்ஜ் ம்ராஸ், டிரம்ஸ் ஆல் ஃபாஸ்டர். அதில் இந்தப் பாட்டை மறுபடி எடுத்திருக்கிறார், தலைப்பே அதுதான். தடுமாற்றம் எதுவும் இல்லை. 23 வருடம் கழித்து அதே 26 கார்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார் மனிதர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, 1959 முதலில்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. படத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்: கார்ட்களுக்கு மேலே இப்போது டியூனும் இருக்கிறது, ஆறாவது பாரில் அந்த ஈ ஃப்ளாட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு பக்கத்திலேயே டி ஷார்ப் என்றும் எழுதியிருக்கிறேன். நிறங்களை எடுத்துவிட்டேன்.